கம்பைல் மெஷினுக்கு புராசஸர், மதர்போர்டு, ரேம் தேர்வு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

கம்பைல் பண்ண, அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, ஒரு நல்ல மெஷின் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த கம்பைல்? காலையில் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுகிற முழு பில்டா, இல்லை ஒரு கோப்பில் இரண்டு வரி மாற்றிவிட்டு என்டர் தட்டிக் காத்திருக்கிற சின்ன பில்டா? முழு பில்ட் ஒரு நாளில் ஒன்றிரண்டு முறைதான் நடக்கும், அதை ஓடவிட்டு எழுந்து போய்விடலாம். சின்ன பில்டு அப்படி இல்லை, நாள் முழுக்க ஐம்பது, நூறு தடவை நடக்கும், ஒவ்வொரு தடவையும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதலாவதுக்கு நிறைய கோர் (புராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி) வேண்டும். இரண்டாவதுக்கு ஒரே ஒரு கோர் வேகமாக ஓடினால் போதும். பெரும்பாலானவர்கள் முதலாவதை நினைத்து வாங்குகிறார்கள், அப்புறம் இரண்டாவதில் காத்திருந்து எரிச்சல் படுகிறார்கள். நானும் அப்படி ஒரு தடவை வாங்கியவன்தான்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கமானதாக இருக்காது. முதலில் அளவு, அப்புறம் கோர் எண்ணிக்கை, அதைவிட்டுப் பிரிக்க முடியாத ரேம் கணக்கு, அதற்குப் பிறகுதான் எந்த புராசஸர் என்ற கேள்வி. மதர்போர்டு அதற்கும் பின்னால்தான் வரும், ஏனென்றால் அது கம்பைலை வேகமாக்காது, கெடுக்கத்தான் முடியும்.

படி 1: இப்போதிருக்கிற மெஷினில் அளந்து பாருங்கள்

லினக்ஸில் பில்ட் கட்டளைக்கு முன்னால் டைம் என்று போட்டு ஓட்டினால் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண் வரும். ரியல் என்பது கடிகார நேரம், மற்ற இரண்டும் எல்லாக் கோரும் சேர்ந்து உழைத்த நேரம். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கிற எண்தான் சராசரியாக எத்தனை த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலை வரிசை) உண்மையில் வேலை செய்தது என்பதற்கான விடை. 16 த்ரெட் உள்ள மெஷினில் அது 14 அல்லது 15 வந்தால் உங்கள் பில்டுக்குக் கோர் பசி இருக்கிறது, இன்னும் போட்டால் இன்னும் வேகமாகும். அதே மெஷினில் 5 வந்தால், 64 கோர் வாங்கிப் போட்டாலும் அந்த 5 பெரிதாக ஏறப்போவதில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு பில்ட் ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

இந்த அளவை இரண்டு தடவை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு தடவை, நீங்கள் தினமும் தொடுகிற ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றிவிட்டு ஒரு தடவை. இரண்டாவதில் பெரும்பாலும் 1 அல்லது 2 என்றுதான் வரும். ஒரு கோப்பைக் கம்பைல் செய்வது ஒரே கோரின் வேலை, அதற்குப் பிறகு லிங்க் செய்வதும், அதாவது கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பதும், பழைய லிங்கராக இருந்தால் கிட்டத்தட்ட ஒரே கோரின் வேலை.

ஷெல்லுக்குள் (கட்டளை தட்டுகிற நிரல்) இருக்கிற டைம் வேறு, தனி நிரலாக இருக்கிற டைம் வேறு. தனி நிரலை -வி என்று கொடுத்து ஓட்டினால் அதிகபட்ச ரேம் அளவும் காட்டும். அதைப் பார்த்து மொத்த பில்டும் அவ்வளவுதான் சாப்பிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இருப்பதிலேயே பெரிய ஒற்றைப் புராசஸின் (ஓடுகிற ஒரு தனி நிரலின்) அளவு, எல்லாவற்றின் கூட்டுத்தொகை அல்ல. ஆனாலும் உதவும்: உங்கள் பில்டில் எவ்வளவு பருத்த புராசஸ் ஓடுகிறது என்று அதிலிருந்து தெரியும், அனேகமாக அது லிங்கராகத்தான் இருக்கும். ரஸ்ட் மொழியில் எழுதுகிறவர்கள் அதன் பில்ட் கருவியான கார்கோவின் பில்ட் கட்டளைக்கு --டைமிங்ஸ் கொடுத்தால் எந்த கிரேட் (ரஸ்ட் நிரல் தொகுப்பு) எப்போது ஆரம்பித்து எப்போது முடிந்தது என்று படமாகவே கிடைக்கும். அதில் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு கோடு மட்டும் நீளமாக ஓடுவதைப் பார்த்தால் நான் சொல்லவருவது புரிந்துவிடும்.

படி 2: எத்தனை கோர் போதும்

1967-ல் ஜீன் அம்டால் சொன்ன விஷயம்தான் இது: ஒரு வேலையில் பிரித்துக்கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் கடைசியில் வேகத்துக்கு எல்லை கட்டும். கணக்காகப் போட்டால்தான் உறைக்கும். ஒரே கோரில் 20 நிமிடம் ஆகிற பில்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கான்ஃபிகர், கோட் ஜெனரேஷன், கடைசி லிங்க் எல்லாம் சேர்த்து 1 நிமிடம் பிரிக்க முடியாதது. மீதி 19 நிமிடத்தை எத்தனை கோருக்கும் பங்கு போடலாம்.

8 கோரில் இது சுமார் 202 நொடி. 16 கோரில் 131 நொடி. 32 கோரில் 96 நொடி. 64 கோரில் 78 நொடி. 8-லிருந்து 16-க்குப் போனபோது 71 நொடி மிச்சமானது, 32-லிருந்து 64-க்குப் போனபோது வெறும் 18 நொடி. இப்போது 32 கோரிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு கோரும் 20 சதவீதம் வேகமாக இருக்கிற புராசஸரைப் போட்டால் என்ன ஆகும்? 80 நொடி. அதாவது கோரை இரட்டிப்பாக்கியதும் கோரை 20 சதவீதம் வேகமாக்கியதும் இங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கோப்பை மாற்றிவிட்டுக் காத்திருக்கும்போது இதில் இரண்டாவது மெஷின் மட்டும்தான் வேகமாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு மூலநிரலைக் கட்டுவதற்கு கூகுள் கொடுக்கிற குறிப்பில், 72 கோர், 64 ஜிபி ரேம் உள்ள மெஷினில் முழு பில்டுக்குச் சுமார் 40 நிமிடம், அதே 64 ஜிபி ரேமுடன் 6 கோர் மெஷினில் சுமார் 6 மணி நேரம் என்று இருக்கிறது. கோர் 12 மடங்கு, வேகம் 9 மடங்கு. இப்படிப்பட்ட பெரிய மூலநிரலில் பிரித்துக்கொடுக்க வேலை கொட்டிக் கிடக்கிறது, அதனால் கோர் வீணாகவில்லை. குரோமியம் பிரவுசர், எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு, எல்லா மாட்யூலும் சேர்த்த லினக்ஸ் கெர்னல், இவையெல்லாம் இந்த வகை. நீங்கள் எழுதுவது ஐம்பதாயிரம் வரி உள்ள சி++ திட்டம் என்றால் இந்த வகை இல்லை, 8 அல்லது 12 கோரிலேயே நிம்மதியாக இருப்பீர்கள்.

ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டுகிற வசதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பைல் வேலையில் அது உதவும், ஏனென்றால் கம்பைலர் பாதி நேரம் ரேமிலிருந்து எதற்காகவோ காத்திருக்கும், அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் நுழைந்துகொள்ளும். பொதுவாக ஒரு கால் பங்கு வேகம் கூடக் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டாவது த்ரெட்டில் ஓடுகிற கம்பைலர் ரேமைக் கால் பங்கு கேட்காது, முழுப் பங்கு கேட்கும். அடுத்த படிக்கு இது முக்கியம்.

படி 3: ரேமைக் கோரோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நிறையப் பேர் 32 த்ரெட் உள்ள புராசஸர் வாங்கிவிட்டு 32 ஜிபி ரேம் போடுகிறார்கள். பார்க்க நிறைய மாதிரி தெரியும். ஒரு வேலைக்கு, அதாவது ஒரு த்ரெட்டில் ஓடுகிற கம்பைலுக்கு, 1 ஜிபிதான் வருகிறது என்பதும், அதிலிருந்துதான் எடிட்டர், பிரவுசர், ஓஎஸ் எல்லாம் சாப்பிட வேண்டும் என்பதும் பில்ட் பாதியில் செத்துப்போகும்போதுதான் தெரியவரும். லினக்ஸில் அது வரும் விதமே வேடிக்கை: சிசி1பிளஸ் (சி++ கம்பைலர்தான் அது) கொல்லப்பட்டது என்று ஒரு வரி மட்டும் வரும், கம்பைலரில் ஏதோ கோளாறு என்று தோன்றும். கெர்னல் பதிவைப் பார்த்தால்தான் ரேம் தீர்ந்துபோய்க் கெர்னலே ஆளைத் தீர்த்துக்கட்டியது தெரியும்.

ஜென்டூ லினக்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டுகிறவர்கள், அவர்களுடைய பழைய விதி ஒரு வேலைக்கு 2 ஜிபி. சி++-க்கு அது நல்ல தொடக்கம். வெறும் சி நிரலுக்கு அதில் பாதி கூடப் போதும், லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போது ரேம் பெரிய பிரச்சினையாகவே வராது. டெம்ப்ளேட் குவிந்த சி++ கோப்பு ஒன்றே 3, 4 ஜிபி கேட்பதும் நடக்கும்.

ஆக 32 த்ரெட் என்றால் கம்பைலுக்கு மட்டும் 64 ஜிபி. அதற்கு மேல் எடிட்டர். க்ளாங்டி போன்ற மொழி சர்வர் பெரிய திட்டத்தில் தனியாகச் சில ஜிபியை விழுங்கிவிடும். பிரவுசரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்டெய்னர், எமுலேட்டர், விர்ச்சுவல் மெஷின் எதுவும் பக்கத்தில் ஓடினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் போக மீதி இருக்கிற ரேம் வீணாகாது, ஓஎஸ் அதை டிஸ்க் கேஷாக வைத்துக்கொள்ளும், ஹெட்டர் கோப்புகளும் ஆப்ஜெக்ட் கோப்புகளும் (கம்பைல் ஆன துண்டுகள்) அங்கிருந்தே கிடைக்கும். அதனால்தான் போதுமான ரேம் உள்ள மெஷினில் எஸ்எஸ்டி எவ்வளவு வேகம் என்பது கம்பைலுக்குப் பெரிய விஷயமாகவே இருப்பதில்லை. 32 த்ரெட்டுக்கு 96 ஜிபி என்பது என் கணக்கு. 64-ல் ஓட்டலாம், ஆனால் ஒரு கண் எப்போதும் ரேம் மீட்டரில் இருக்கும்.

லிங்க் தனிக் கதை. டீபக் தகவலோடு (பிழை தேட உதவும் கூடுதல் விவரம்) எல்எல்விஎம் போன்ற ஒன்றைக் கட்டும்போது ஒவ்வொரு லிங்கும் பல ஜிபி எடுக்கும், கம்பைல் முடிந்த கையோடு பத்துப் பதினைந்து லிங்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 128 ஜிபி கூடத் திணறும். இதற்காக இன்னும் ரேம் வாங்க வேண்டாம். லிங்க் வேலைகளுக்கு மட்டும் தனி வரம்பு வைக்கிற வசதி எல்எல்விஎம்மின் சிமேக் (பில்டை அமைத்துக்கொடுக்கிற கருவி) அமைப்பிலேயே இருக்கிறது, பில்டை ஓட்டுகிற நின்ஜாவில் பூல் என்று வைத்து நாமே செய்துகொள்ளலாம். இரண்டு அல்லது மூன்று என்று வைத்தால் போதும். லிங்கரையும் எல்எல்டி அல்லது மோல்டுக்கு மாற்றிவிடுங்கள், இரண்டுமே பல கோரைப் பயன்படுத்துபவை. நான் மேலே புலம்பிய சின்ன பில்ட் காத்திருப்பில் ஒரு பெரிய பகுதி இந்த ஒரே மாற்றத்தில் போய்விடும், அதுவும் செலவில்லாமல்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2-க்குள் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) கம்பைல் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமைப்பை மாற்றாமல் விட்டால் மொத்த ரேமில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். 64 ஜிபி போட்டுவிட்டு 32-ல் முக்கிக்கொண்டிருப்பீர்கள். மூலநிரலையும் விண்டோஸ் டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்திலேயே வையுங்கள், இரண்டு பக்கத்துக்கும் தாண்டித் தாண்டிக் கோப்பு படிப்பது மிக மெதுவு.

படி 4: எந்த புராசஸர்

இவ்வளவும் தெரிந்த பிறகு இது கொஞ்சம் எளிது. மூன்று தட்டு இருக்கிறது.

முதல் தட்டு 8 கோர். ரைசன் 7 9700எக்ஸ் போன்ற ஒன்று, 16 த்ரெட், 65 வாட் வகை. 32 ஜிபி கட்டாயம், 48 அல்லது 64 நல்லது. சின்ன, நடுத்தரத் திட்டங்களுக்கு இது போதும், ஒற்றைக் கோர் வேகத்தில் இது பெரிய அண்ணன்களுக்கு அவ்வளவாகப் பின்தங்கியதும் இல்லை.

இரண்டாவது தட்டுதான் பெரும்பாலானவர்களுக்கு நான் கைகாட்டுவது. ஏஎம்டி பக்கம் ரைசன் 9 9950எக்ஸ்: 16 கோர், 32 த்ரெட், 64 எம்பி எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்). இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 9 285கே: 8 பெரிய கோர், 16 சின்ன கோர், மொத்தம் 24 த்ரெட், ஏனென்றால் அந்தத் தலைமுறையில் இன்டெல் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதையே விட்டுவிட்டது. சின்ன கோர் என்றால் கேவலமாகப் பார்க்க வேண்டாம், கம்பைல் என்பது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நூற்றுக்கணக்கான துண்டு வேலை, அவற்றைச் சின்ன கோர்கள் நன்றாகவே மென்று தள்ளும். பெரிய கோப்பு ஒன்று கடைசியில் ஒரு சின்ன கோரில் போய் உட்கார்ந்து எல்லோரையும் காக்கவைப்பது எப்போதாவது நடக்கும். 12 கோர் உள்ள 9900எக்ஸும் மோசமில்லை, 64 ஜிபியோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு ரேம் கணக்கும் அதில் சரியாக உட்காரும்.

எக்ஸ்3டி என்று முடிகிற, கூடுதல் கேஷ் அடுக்கிய வகை? கேமுக்கு அது பிரமாதம். கம்பைலுக்கு அதனால் பெரிய வித்தியாசம் வராது. 9950எக்ஸ்3டி-யில் இருக்கிற இரண்டு கோர்த் தொகுப்பில் ஒன்றுக்கு மட்டும்தான் கூடுதல் கேஷ். வேலை முடித்துவிட்டுக் கேமும் விளையாடுவீர்கள் என்றால் வாங்குங்கள், கம்பைலைக் காரணம் காட்டாதீர்கள். அதேபோல ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) இருக்கிறதா இல்லையா என்ற சண்டையிலும் இறங்க வேண்டாம், கம்பைலர் செய்வது கிளை பிரிவதும் சுட்டியைப் பின்தொடர்வதும்தான், அகலமான கணக்கு அதற்குத் தேவையில்லை.

மூன்றாவது தட்டு ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர். 7000 வரிசையில் 24, 32, 64 கோர் உள்ளவை இருக்கின்றன, ப்ரோ வகையில் 96 வரை போகிறது. 350 வாட். நான்கு சேனல் (ரேமுக்கும் புராசஸருக்கும் இடையிலான பாதை) ரேம், ப்ரோவில் எட்டு. சாதாரண டெஸ்க்டாப் ரேம் இதில் பொருந்தாது, ரெஜிஸ்டர்டு வகைதான் வேண்டும். முதல் படியில் உங்களுக்கு வந்த எண் த்ரெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள், அதாவது ஆண்ட்ராய்டு முழுவதையும், இல்லை ஒரு பிரவுசரை, தினமும் பல தடவை முதலிலிருந்து கட்டுகிறவர் என்றால். இன்னொரு விஷயம், 64 லாஜிக்கல் புராசஸருக்கு, அதாவது த்ரெட்டுக்கு, மேல் போனால் விண்டோஸ் அவற்றைக் குழுக்களாகப் பிரித்து வைக்கும், பழைய பில்ட் கருவிகள் சில ஒரு குழுவோடு நின்றுவிடும். லினக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய சரக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில், முக்கியமாக ஐ9 வகையில், மின்னழுத்தம் அதிகமாகப் போய்ச் சில்லு காலப்போக்கில் நிலையிழக்கிற பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டில் அதற்கு மைக்ரோகோட் (புராசஸரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். திருத்தம் புதுச் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. ஆகவே ஒருவர் ஓட்டிய 14900கே கைக்கு வந்தால் யோசியுங்கள். ஏஎம்டி மட்டும் யோக்கியமா என்றால், 2017-ல் வந்த முதல் ரைசன்களில் ஒரு பகுதி, லினக்ஸில் இடைவிடாமல் கம்பைல் பண்ணினால் செக்மென்டேஷன் ஃபால்ட் கொடுத்துக்கொண்டிருந்தது, கேட்டவர்களுக்குச் சில்லை மாற்றிக் கொடுத்தார்கள். கேமிலும் வீடியோ எடிட்டிங்கிலும் தெரியாத கோளாறைக் கம்பைல் வெளியே இழுத்துப் போட்டது. இதே காரணத்துக்காகத்தான் கடைசிப் படியில் கம்பைலையே சோதனையாக வைத்திருக்கிறேன்.

படி 5: எந்த ரேம், எத்தனை ஸ்டிக்

எத்தனை ஜிபி என்பது மேலே முடிந்தது. இங்கே ஒரே கட்டளை: இரண்டு சேனல் உள்ள போர்டில் இரண்டே ஸ்டிக்கில் முடித்துவிடுங்கள். 96 வேண்டுமா, 48 ஜிபி இரண்டு. 128 வேண்டுமா, 64 ஜிபி இரண்டு. இப்போது 32 இரண்டு போட்டுவிட்டு அப்புறம் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம் டிடிஆர்4 காலத்தில் ஓடியது, டிடிஆர்5-ல் அடிவாங்கும். ரைசன் 9000-க்கு ஏஎம்டி உறுதி கொடுக்கிற வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5600, நான்கு ஸ்டிக் போட்டால் 3600. பலர் நான்கிலும் இதைவிட அதிகமாக ஓட்டுகிறார்கள், உண்மை. ஆனால் அது அவரவர் சில்லின் அதிர்ஷ்டம். நான் ஒரு தடவை இப்படி நான்கு போட்டு, பெட்டியில் எழுதியிருந்த வேகத்தில் ஓட்டப் பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவை காரணமே இல்லாமல் பில்ட் உடைவதைப் பார்த்துப் பார்த்து இரண்டு மாதம் என் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன்.

வேகம் எவ்வளவு என்றால், ரைசனில் 6000 வாங்கினால் போதும், அதற்கு மேல் போனால் ரேம் கட்டுப்படுத்தி பாதி வேகத்தில் ஓட நேரிடும், கிடைத்தது போய்விடும். இரண்டு சேனலில் 6000 என்றால் நொடிக்கு 96 ஜிபி அகலம், 16 கோர் கம்பைலுக்கு அது தாராளம். அந்த 6000 என்பது எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்பு நிரல்) போட்டால்தான் வரும், அதுவும் கணக்குப்படி ஓவர்கிளாக்தான், அதாவது உறுதி கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. வேலைக்கான மெஷினில் கொஞ்சமும் சந்தேகம் வந்தால் தயங்காமல் 5600-க்கு இறக்குங்கள். கம்பைல் நேரத்தில் நீங்கள் இழப்பது சொற்பம்.

இசிசி, அதாவது பிழைதிருத்தும் ரேம், வேண்டுமா? டிடிஆர்5-ல் எல்லாச் சில்லுக்குள்ளேயும் ஒரு பிழைதிருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சில்லுக்குள்ளே நடப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும், சில்லிலிருந்து புராசஸருக்கு வருகிற வழியில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது, ஓஎஸ்ஸுக்கும் சொல்லாது. உண்மையான இசிசி-க்கு ஸ்டிக்கில் கூடுதல் சில்லு இருக்க வேண்டும், போர்டும் ஆதரிக்க வேண்டும். கம்பைல் மெஷினுக்கு இதில் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. சிகேஷ் போன்ற கம்பைலர் கேஷ் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துத் திரும்பத் தருவது) வைத்திருந்தால், ஒரு புரண்ட பிட்டால் கெட்டுப்போன ஆப்ஜெக்ட் கோப்பு அந்தக் கேஷுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மூலநிரல் மாறாத வரை திரும்பத் திரும்ப உங்கள் பைனரிக்குள் வந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு வெளியிடுகிற பைனரிகளை இந்த மெஷினில்தான் கட்டுகிறீர்கள் என்றால் நான் இசிசி போடுவேன். சொந்தத் திட்டம் என்றால் விட்டுவிடலாம்.

படி 6: மதர்போர்டு

பி650 போர்டிலும் எக்ஸ்870ஈ போர்டிலும் ஒரே புராசஸரையும் ரேமையும் போட்டால் கம்பைல் நேரம் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் யுஎஸ்பி எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை போடலாம் என்பதில். அதனால் சிப்செட் எண்ணைப் பார்த்து மயங்காமல் நான்கு விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, விஆர்எம், அதாவது புராசஸருக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கிற பகுதி. கேம் ஆடும்போது புராசஸர் முழு மூச்சில் ஓடுவதில்லை. கம்பைலில் ஓடும், மணிக்கணக்கில். 9950எக்ஸ் 170 வாட் என்று எழுதியிருந்தாலும் 230 வாட் வரை இழுக்கும், 285கே 250 வரை. மலிவான போர்டில் சின்ன அலுமினியத் துண்டை ஒட்டி வைத்திருக்கிற விஆர்எம் பத்து நிமிடத்தில் சூடேறிப் புராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும், பத்து நிமிடத்தில் முடிகிற சோதனைகளில் இது தெரியவும் தெரியாது. ஏ620 வகைப் போர்டில் 16 கோரைப் போடாதீர்கள். பி650, பி850-ல் நல்ல வெப்பத்தகடு உள்ள நடுத்தரப் போர்டு தாராளமாகத் தாங்கும்.

இரண்டு, இசிசி தேவை என்றால் ஏஎம்5-ல் (ரைசன் 7000, 9000 செருகுகிற சாக்கெட்) அது போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டில் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். இன்டெல்லில் டபிள்யூ680 அல்லது டபிள்யூ880 சிப்செட் உள்ள போர்டு வேண்டும், சாதாரண இசட் வரிசையில் கிடைக்காது. போட்ட பிறகு லினக்ஸ் கெர்னல் பதிவில் ரேம் பிழையைக் கவனிக்கிற எடாக் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூட் ஆகிவிட்டது என்பதால் இசிசி வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

மூன்று, புராசஸர் இல்லாமலே பயாஸை யுஎஸ்பி டிரைவிலிருந்து புதுப்பிக்கிற பட்டன். போர்டு பழைய பயாஸோடும் புராசஸர் புதிதாகவும் வந்தால் இது இல்லாமல் திண்டாட்டம்.

நான்கு, ரேம் பட்டியல். போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் நீங்கள் வாங்குகிற ஸ்டிக்கின் முழு எண்ணும் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள், முக்கியமாக 48, 64 ஜிபி ஸ்டிக்குகளுக்கு. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கைப் பெரும்பாலும் புராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் செருக வேண்டும், கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் ஆயுள் பற்றி ஒரு வரி. ஏஎம்5 2022-ல் வந்தது, 2027 வரையாவது ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 8 கோர் போட்டுப் பிறகு புராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுங்கள், அப்போது போர்டின் விஆர்எம்மை இன்றே 16 கோருக்குத் தகுந்ததாக வாங்குங்கள். திரை இணைக்கக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், ரைசன் 7000, 9000 டெஸ்க்டாப் வகைகளில் சின்னதாக ஒன்று உள்ளேயே இருக்கிறது. பெயர் எஃப் என்று முடிகிறவற்றில் இருக்காது, த்ரெட்ரிப்பரிலும் இருக்காது.

படி 7: கூலரும் மின் வரம்பும்

16 கோருக்கு இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் போதும். தண்ணீர்க் கூலர் போடுவது உங்கள் விருப்பம். நான் இதைவிட முக்கியமாக நினைப்பது பயாஸில் மின் வரம்பைக் குறைப்பது. ரைசனில் ஈகோ மோடு என்று இருக்கும், 170 வாட் சில்லை 105 வாட் வகைக்கு இறக்கினால் உண்மையான இழுப்பு 142 வாட்டில் நிற்கும். கம்பைல் கொஞ்சம்தான் மெதுவாகும், விசிறிச் சத்தமோ பாதியாகிவிடும். ஒரு கோர் மட்டும் ஓடுகிற சின்ன பில்டில் வேகம் குறையவே குறையாது, ஏனென்றால் ஒற்றைக் கோர் அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. இன்டெல் போர்டுகளில் இதற்கு நேர்மாறாகத் தயாரிப்பாளர்கள் வரம்பைத் திறந்துவிட்டு அனுப்புவதும் உண்டு, பயாஸில் இன்டெல் டிஃபால்ட் என்ற அமைப்பைத் தேடிப் போட்டுவிடுங்கள்.

படி 8: பூட்டிய பிறகு சோதனை

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும். டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, ரேம் அதிகம் என்றால் இன்னும் நேரமாகும். பயந்துபோய் அணைக்காதீர்கள். பயாஸைப் புதுப்பித்துவிட்டு, ரேம் வேகத்தை அமைத்துவிட்டு, ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓடட்டும்.

அது பாஸ் ஆனால் மட்டும் நம்பிவிட வேண்டாம், அது ரேமைத்தான் பார்க்கிறது. இரண்டாவது இரவு எல்எல்விஎம்மையோ கெர்னலையோ எல்லாக் கோரிலும் திரும்பத் திரும்பக் கட்டுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். சிகேஷை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது சுற்றிலிருந்து வேலையே நடக்காது. ஒவ்வொரு சுற்றிலும் ஆப்ஜெக்ட் கோப்புகளின் ஹேஷை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) எடுத்து முந்தைய சுற்றோடு ஒப்பிட்டால் இன்னும் நல்லது: ஒரே மூலநிரல், ஒரே கம்பைலர், ஒரே கோப்புறை என்றால், நேரமுத்திரை பதிக்கிற ஒன்றிரண்டைத் தவிர மற்றவை மாறக்கூடாது.

பில்ட் உடைந்தால் எங்கே உடைந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோப்பில், அதே வரியில் என்றால் கம்பைலரின் பிழையோ நிரலின் பிழையோ. ஒரு தடவை இந்தக் கோப்பில், அடுத்த தடவை வேறு கோப்பில், மூன்றாவது தடவை உடையவே இல்லை என்றால் அது வன்பொருள். ஜிசிசி திடீரென்று சிக்னல் 11 என்று செத்தால் ரேமைச் சந்தேகப்படு என்பது லினக்ஸ் ஆட்களுக்கு 1990-களிலிருந்தே தெரிந்த பாடம். அப்படி வந்தால் முதலில் எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நின்றுவிட்டால் ரேம் வேகம்தான் குற்றவாளி. நிற்கவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை. அதற்கும் அசையவில்லை என்றால் புராசஸர், போர்டு, பவர் சப்ளை என்று போக வேண்டியதுதான், திருப்பிக் கொடுக்கிற காலக்கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்து முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஓட்டுகிற எண். நின்ஜா தானாகவே த்ரெட் எண்ணிக்கையோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளும். மேக் (make) என்ற பில்ட் கருவியில் -ஜே என்று மட்டும் போட்டு எண்ணை மறந்தால் வரம்பே இல்லாமல் எல்லாவற்றையும் கிளப்பிவிடும், 96 ஜிபி எல்லாம் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. எண்ணைக் கொடுங்கள், 32 த்ரெட் என்றால் 32. பில்ட் ஓடும்போது எடிட்டரில் கர்சர் தடுமாறுகிறது என்றால் 28-க்கு இறக்குங்கள், அல்லது பில்டை நைஸ் (முன்னுரிமையைக் குறைக்கிற கட்டளை) போட்டு ஓட்டுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், ஷெல்லில் அதற்கு ஒரு சுருக்குப் பெயர் வைத்துவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளக்கூட வேண்டியதில்லை.